காரணம் என்ற கட்டம்

கெண்ட் நகரத்து மருத்துவமனைச் சலவைக்கூடம்.
நாளொன்றுக்கு எட்டு டன் விரிப்பு, உறை, அங்கி.
நான் துவைப்பதில்லை.
யார் எப்போது துவைப்பார்கள் என்று
கட்டம் போடுகிறவள்.

போன இலையுதிர்காலத்தில் சுற்றறிக்கை வந்தது.
வேண்டியவர்கள் வாரத்தை நாலு நாளில் முடித்துக்கொள்ளலாம்.
மணிக்கணக்கு குறையாது,
அதே முப்பத்தெட்டு.
ஐந்து பாத்திரத்தில் இருந்ததை நாலில் ஊற்றினால்
நாலும் விளிம்பில் தளும்பும்.
ஐந்தாவது
கழுவிக் கவிழ்த்ததுபோல் கிடக்கும்.

விண்ணப்பத்தில் மூன்று கட்டம்:
பெயர். எந்த நாள். காரணம்.

இஸ்திரி உருளையில் பதினாறு வருடம் நிற்கும் ஃபெர்ஹாத்
வெள்ளி என்று எழுதி
காரணத்தில் 'உங்களுக்கே தெரியும்' என்றான்.
இத்தனை வருடமும் அந்த மதிய இடைவேளையில்
சைக்கிளில் பறந்து போய்
கடைசி வரிசையில் தொழுது
வியர்வையோடு திரும்பியவன்.
தெரியும்தான்.

லீஸ்பெத்துக்குப் புதன்.
'புதன் மதியம் பள்ளிக்கூடம் கிடையாது.
இதுவரை மகனை
வீடு வீடாக அடகு வைத்தேன்.'

லோடே திங்கள் கேட்டான்.
'ஞாயிறு பந்தயத்தில் புறாக்கள் களைத்துப்போகும்.
நானும்.'

எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தினேன்.
குத்தியதெல்லாம் இனித்ததா என்றால், இல்லை.
மரைக்கே மூன்றே மாதத்தில் திரும்பி வந்தாள்:
'ஒன்பதரை மணி நேரம் நின்றுவிட்டு
காலி நாள் முழுக்கக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறேன்.
இது விடுமுறையா, பழுதுபார்ப்பா?'
ஐந்து நாளுக்கே மாற்றிக்கொடுத்தேன்.
லீஸ்பெத் சொன்னாள்:
மற்ற நாட்களில் நான் போவதற்குள் அவன் தூங்கிவிடுகிறான்,
புதன்கிழமை கதவைத் திறந்து
விருந்தாளியைப்போல் 'உட்காருங்கள்' என்கிறான்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
சொல்லிவிட்டு
மடித்த விரிப்பையே மறுபடி மடித்தாள்.

யோரிஸ் கேட்டது வியாழன்.
காரணத்தில் ஒரு புள்ளி.
வேறொன்றும் இல்லை, ஒரு புள்ளி.
கூப்பிட்டுக் கேட்டேன்.
'கட்டம் காலியாக இருந்தால் அனுப்பமாட்டேன் என்கிறது கம்ப்யூட்டர்.'
சரி, காரணம் என்ன?
தோளைக் குலுக்கிவிட்டுத்
தள்ளுவண்டியோடு போய்விட்டான்.
மேலதிகாரி கேட்பாரே என்று
புள்ளியை அழித்து 'குடும்பம்' என்று தட்டினேன்.
சைக்கிள் கடை மாடியில் தனியாக இருக்கிறவனுக்கு
நான் ஒட்டிவைத்த குடும்பம்.

பல்வலிக்கு மருத்துவச் சீட்டு காட்டி
ஒன்றரை மணி நேரம் வெளியே போன ஒரு வியாழக்கிழமை
கால்வாய் மதகருகே அவனைப் பார்த்தேன்.
கையில் தூண்டில் இல்லை.
போன் இல்லை.
மணல் ஏற்றிய படகொன்று உள்ளே வந்து நின்றது.
அடியிலிருந்து தண்ணீர் ஏறியது.
அவசரமே இல்லாமல் படகும் ஏறியது.
கதவு திறந்து அது போனபிறகு
அது நின்ற தண்ணீரைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
கை காட்டலாமா என்று யோசித்தேன்.
பாதித் தாடை மரத்துப்போய்
சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
வாழ்க்கையில் முதல்முறையாகக்
கணக்கெழுத மறந்த நேரம்.

திரும்பி வந்ததும் கோப்பைத் திறந்து
'குடும்ப'த்தை அழித்துவிட்டுப்
புள்ளியை அதன் இடத்தில் வைத்தேன்.

பிறகு எனக்கும் ஒரு விண்ணப்பம் எடுத்தேன்.
பெயர் எழுதியாகிவிட்டது.
நாள்தான் பிடிபடவில்லை.
திங்கள் லோடேயின் ஓட்டையை அடைக்க வேண்டும்,
புதன் லீஸ்பெத்துடையதை,
வெள்ளி உருளைக்கு ஆள் தேட வேண்டும்.
அடுத்தவர் இல்லாத நாளுக்கெல்லாம்
நான் இருந்தாக வேண்டும்.
காரணத்தில் மட்டும் முதலிலேயே
புள்ளி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு நாளாக
என் மேசை ட்ரேயிலேயே கிடக்கிறது.
ஒப்புதல் தரவேண்டியவள்
இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.